அம்மாவின் கைக்குப் போகும் போன்: பழைய உயர்ரகமா, புதிய நடுத்தரமா?

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியேற்றத்தை ஒட்டி வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் புறப்படுகிறவர்களிடமிருந்து ஆண்டுதோறும் எனக்கு ஒரே கேள்வி வருகிறது. அலமாரியில் மூன்று வருடம் பாவித்த விலையுயர்ந்த போன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் அம்மாவிடமோ சித்தியிடமோ கொடுத்துவிட்டு வரலாமா, அல்லது புதிதாக ஒரு நடுத்தர விலைப் போன் வாங்கிக்கொண்டு போவதா?

நான் இதில் ஒருமுறை தவறிழைத்தேன். கொக்குவிலில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு என் பழைய உயர்ரகப் போனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தேன். வாங்கிய காலத்தில் அதன் விலை ஆயிரம் டொலருக்கு மேல். எட்டாவது மாதம் நாற்பது விழுக்காடு காட்டிக்கொண்டே அது அணையத் தொடங்கியது. பிறகு பின்மூடி மெல்ல மேலெழுந்தது. உள்ளே பற்றரி வீங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் திருத்தக் கொடுத்த கடையில் அந்த மாதிரிக்குரிய அசல் பற்றரி இல்லை. கிடைத்ததைப் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். மாரி தொடங்கியதும் ஈரம் உள்ளே இறங்கித் திரை கறுத்துப் போனது. மூன்று கிழமை அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில்தான் என்னோடு பேசினார். ஒவ்வொரு முறையும் “அந்தப் பிள்ளைக்கு வேலை இருக்கும், வைக்கிறன்” என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த அவசரக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, எந்தப் போன் வேகமானது என்ற கேள்வியை நான் இப்போது கடைசியில்தான் கேட்கிறேன். இந்தப் போன் யார் கையில் தங்கப் போகிறது என்பதே என் முதற் கேள்வி. உங்களோடு போய் உங்களோடே திரும்பி வருமென்றால் ஒரு கணக்கு. ஊரில் தங்கிவிடுமென்றால் முற்றிலும் வேறு கணக்கு.

ஊரில் தங்கும் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, அதாவது திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் மென்பொருள், எந்த ஆண்டு வரை வரும் என்பதை முதலில் பாருங்கள். சாம்சங்கில் நம்மவர் கைகளில் அதிகம் புழங்கும் சில மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். 2022 பெப்ரவரியில் வந்த கேலக்ஸி எஸ்22க்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. அது 2027 தொடக்கத்தோடு முடிகிறது. 2023இல் வந்த எஸ்23க்கு 2028 தொடக்கம் வரை. நடுத்தர விலையில் 2024 மார்ச்சில் வந்த ஏ55க்கு 2029 வரை. 2025 மார்ச்சில் வந்த ஏ56க்கு ஆறு ஆண்டுகள், அதாவது 2031 வரை. எஸ்22 வெளிவந்தபோது அதன் விலை ஏ56இன் விலையைவிட மிக அதிகம். ஆனால் அம்மாவின் மேசையில் அது நான்கு வருடம் முன்னதாகவே முதுமையடைந்துவிடும். கூகுளின் பிக்சல் 8ஏ நடுத்தர விலைப் போன்தான், அதற்கும் ஏழு ஆண்டுகள் உண்டு.

அம்மா வட்ஸ்அப் மட்டும்தானே பாவிக்கிறார், புதுப்பிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கின் செயலி இன்று அந்தப் போனில்தான் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணும் அதற்குத்தான் வருகிறது. ஏமாற்றுக் குறுஞ்செய்திகள் வயதானவர்களைத்தான் தேடி வருகின்றன. காவல் இல்லாத போனை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது பற்றரியும் வெப்பமும். எஸ்22இன் பற்றரி 3700 மில்லி அம்பியர் மணி. ஏ55, ஏ56 இரண்டிலும் 5000. புதிதாக இருக்கும்போதே உள்ள வேறுபாடு இது. மூன்று வருடம் பாவித்த பழைய பற்றரி இன்னும் தேய்ந்திருக்கும். ஐபோன் 14 வரையான மாதிரிகளின் பற்றரி 500 முழுச் சுற்று ஏற்றத்துக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் செய்யப்பட்டது என்று அப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அதை 1000 சுற்று என்கிறது. ஐபோனைப் பாவிக்க உகந்த சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரை என்பதும் அதே நிறுவனத்தின் கூற்றுத்தான். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கோடை நண்பகல் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. வெயிலில் நிறுத்திய வான் வண்டியின் முன்தட்டில் வைத்த போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரொறன்ரோக் குளிரில் ஒழுங்காக இருந்த பழைய பற்றரி ஊர் வெயிலில் ஓரிரு மாதத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும்.

இந்த இடத்தில் எஸ்22இன் சில்லை, அதாவது போனின் மூளையாக இயங்கும் சிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் அது எக்ஸினோஸ் 2200 சில்லோடும், கனடா, அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சில்லோடும் வந்தது. இரண்டுமே சூடேறுவதற்குப் பேர் போனவை. அடுத்த ஆண்டு வந்த எஸ்23இன் சில்லு வேறு, அதைச் செய்த ஆலையும் வேறு. அது குளிர்ச்சியாக ஓடும், பற்றரியும் நீடிக்கும். பழைய உயர்ரகம்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்லக்கூடிய சாம்சங் அந்த எஸ்23தான். அதிலும், புறப்படும் முன் நீங்கள் வாழும் நாட்டிலேயே, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பற்றரியை மாற்றிவிடுங்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகு, புதிய நடுத்தரப் போனின் விலை உண்மையில் எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். பலருக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

உங்களோடே திரும்பி வரும் போன் என்றால் நான் மறுபக்கம் நிற்பேன். நல்லூரில் கோவிலுக்குள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. தேர் வெளிவீதியில் அசைந்து வரும்போது, ஆயிரக்கணக்கானோர் தலைகளுக்கு மேலாகத் தொலைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எஸ்22, எஸ்23 இரண்டிலும் மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் தனிவில்லை உண்டு. ஏ55, ஏ56 இரண்டிலும் அது இல்லை. அவற்றில் விரலால் இழுத்து நெருக்கினால் ஆறுமுகப் பெருமானின் முகம் மங்கிய வண்ணத் திட்டாகத்தான் கிடைக்கும். இரவுத் திருவிழா, கூரைக்குக் கீழே நடக்கும் கலியாணம், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அப்பப்பாவின் முகம் எல்லாவற்றுக்கும் பழைய உயர்ரகத்தின் கமெராவே மேல். பதினைந்து வருடத்துக்குப் பிறகு போகிறவர்களுக்கு அந்தப் படங்களின் பெறுமதி என்னவென்று எனக்குத் தெரியும். பற்றரிக்குக் கையில் ஒரு பவர் பேங்க் போதும். அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

சிம் அட்டை விடயம் நான் நினைத்ததைவிடப் பெரியது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் சிம் தட்டே கிடையாது. 2025இல் வந்த ஐபோன் 17இலிருந்து கனடாவிலும் அப்படித்தான். ஐபோன் ஏர் உலகம் முழுவதும் ஈசிம் மட்டும்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். இலங்கையின் தொலைபேசி நிறுவனங்களான டயலொக், மொபிடெல் இரண்டும் ஈசிம் தருகின்றன. ஆகவே இரண்டு கிழமைப் பயணிக்கு அது தடையில்லை, உங்கள் நாட்டு எண்ணையும் அதே போனில் வைத்துக்கொண்டு வங்கிக் குறுஞ்செய்திகளைப் பெறலாம். ஆனால் அம்மாவுக்கு அப்படியல்ல. போன் பழுதாகிக் கடைக்குப் போனால், சிம் அட்டையைக் கழற்றிப் பழைய பொத்தான் போனில் போட்டு அன்றைக்கே பேசலாம். தட்டே இல்லாத போனில் அந்த வழி அடைபட்டுவிடும். ஊரில் விட்டுவரும் போனுக்குச் சிம் தட்டு இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி போட்ட பூட்டு போனிலிருந்து நீக்கப்பட்டதா என்றும் பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன்களை விற்க முடியாது. அதனால் அவற்றுக்குப் பிறகு அங்கே வாங்கியவற்றில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் தவணை முடிந்து, நிறுவனம் பூட்டை நீக்கிய பிறகே கொண்டுபோக வேண்டும். இன்னுமொரு சிறு எச்சரிக்கை பிக்சல் விரும்பிகளுக்கு. கூகுள் அதிகாரபூர்வமாக விற்காத நாடுகளில் 4ஜி வழியான குரல் அழைப்பு பிக்சலில் வேலை செய்யாமற்போவதுண்டு. ஏழு ஆண்டுப் புதுப்பிப்பைக் கண்டு மயங்கி அம்மாவுக்கு அதைக் கொடுக்குமுன், ஊர்ச் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு போனுக்கும் அதை அடையாளம் காட்ட 15 இலக்கத்தில் ஓர் ஐஎம்இஐ (IMEI) எண் இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இந்த எண்களைப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. இலங்கைச் சிம்மிலிருந்து ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களைச் சேர்த்து 1909க்கு அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். முறைப்படி இறக்குமதியாகி அங்கே விற்கப்படுபவை அந்தப் பதிவேட்டுக்குள் வருகின்றன. நாம் கையில் கொண்டுபோகும் போனுக்கு இல்லையென்று பதில் வரக்கூடும். பதிவில்லாத போன்கள் மீதான பிடி இறுகி வருகிறது. பரிசாக விட்டுவரப் போகிறீர்கள் என்றால் ஆணைக்குழுவின் நடப்பு நடைமுறையைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். உடைக்காத பெட்டிகளாக நாலைந்து போன் கொண்டுபோகிறவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த வழி எளிமையானது. நடுத்தர விலைப் போனை ஊரிலேயே வாங்கிக் கொடுக்கிறேன். வரிகளால் விலை கூடுதல்தான். ஆனால் எண் பதிவாகியிருக்கும், உத்தரவாத அட்டை அந்த நாட்டுக்குரியதாக இருக்கும், நிறைய விற்கும் மாதிரி என்பதால் திரையும் பற்றரியும் உறையும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். கொழும்பில் இறங்குகிறவர்கள் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் விலை கேட்கலாம், அங்கே போன் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் அம்மா நடந்தே போகக்கூடிய கடையில் வாங்குவது நல்லது என்பது என் கருத்து. நாளை ஒரு கோளாறு என்றால் அவர் தேடிப் போகப் போவது அந்தக் கடைக்காரத் தம்பியைத்தான். பற்றுச்சீட்டில் ஐஎம்இஐ எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், 1909க்கு அனுப்பிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

நினைவகத்தில் 128 ஜிபி போதுமா என்று யோசியுங்கள். குடும்பக் குழுவில் வரும் காணொளிகள் ஒரு வருடத்தில் அதை நிரப்பிவிடும். எஸ்21 முதல் சாம்சங்கின் எஸ் வரிசையில் நினைவக அட்டைக்கு இடமில்லை. ஏ55இல் உண்டு, ஏ56இல் எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அம்மாவுக்கு ஏ55ஐத் தெரிவுசெய்தேன்.

ஐபோன் குடும்பங்களுக்கு என் மறுப்பு இவ்வளவு கடுமையில்லை. 2018இல் வந்த எக்ஸ்எஸ்ஸும் எக்ஸ்ஆரும் 2025 வரை புதிய பதிப்புகளைப் பெற்றன. ஐபோன் 13 போன்ற ஒன்றைப் புதிய அசல் பற்றரியோடு கொடுத்தால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓடும். அம்மாவுக்கு ஐபோன் ஏற்கெனவே பழக்கமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். எழுபது வயதில் பொத்தான்களின் இடத்தை மாற்றிக் கொடுப்பது அவருக்குக் கொடுக்கும் தண்டனை.

எந்தப் பழைய போனைக் கொடுப்பதாக இருந்தாலும், உங்கள் கூகுள் கணக்கிலிருந்தோ அப்பிள் கணக்கிலிருந்தோ முறைப்படி வெளியேறி, அதன் பிறகே போனை வெறுமையாக்குங்கள். வெளியேறாமல் அழித்தால், மறுபடி திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். நீங்கள் அப்போது பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உறக்கத்தில் இருப்பீர்கள்.

போனை விமானம் ஏறும் நாளில் கையில் திணிக்காதீர்கள். வந்திறங்கிய மறுநாளே கொடுத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ் விசைப்பலகையைப் போட்டு, பிள்ளைகள் நால்வரின் படங்களையும் முதல் திரையில் வைத்துவிடுங்கள். பிறகு நீங்கள் பேசாமல் இருந்து, அம்மாவைத் தானாக அழைக்கச் சொல்லுங்கள். சென்ற முறை நான் முற்றத்து மாமரத்தடியில் நின்றேன், அம்மா குசினிக்குள்ளிருந்து எடுத்தார். நான்காவது தடவையில் என் போன் அடித்தது. “கேக்குதோ?” என்றார். சுவருக்கு அப்பாலிருந்தும் போனுக்குள்ளிருந்தும் அந்தக் குரல் ஒன்றாகவே வந்தது.