மடிக்கணினிக்கு ஏற்ற ரேமை அடையாளம் கண்டு பொருத்துவது எப்படி?

மடிக்கணினியின் நினைவகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை ஜிபி வாங்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் அதற்கும் முன்பு, அந்த மடிக்கணினியில் ரேமை மாற்ற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகச் சிப்புகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ரேமின் வகைப் பெயர் எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ரேம்) என்று தொடங்கினால், அநேகமாக அது பற்றவைக்கப்பட்டதாகவே இருக்கும். சில மாடல்களில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டும், கூடுதலாக ரேம் அட்டையைச் செருக ஒரே ஒரு ஸ்லாட் விடப்பட்டும் இருக்கும்.

இதை அறிய, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட்டுகள் பயன்பாட்டில் உள்ளன, ரேம் எந்த வடிவில் உள்ளது, எந்த வேகத்தில் இயங்குகிறது என்ற விவரங்கள் அங்கே கிடைக்கும். வடிவம் (ஃபார்ம் ஃபேக்டர்) என்ற இடத்தில் சோடிம் என்றிருந்தால் அது கழற்றக்கூடிய அட்டை. ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பற்றவைக்கப்பட்டது. இந்த விவரம் எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாமல், தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள சர்வீஸ் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரேமின் அதிகபட்ச அளவு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

அடுத்தது ரேமின் தலைமுறை; அதை டிடிஆர் என்ற பெயருக்குப் பின் வரும் எண் காட்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. சோடிம் அட்டையில் டிடிஆர்3-க்கு 204 ஊசிகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். அட்டை நுழையவில்லை என்றால் அழுத்திப் பார்க்கவே கூடாது. பிராசஸரின் பெயரை மட்டும் வைத்துத் தலைமுறையை முடிவு செய்வதும் ஆபத்தானது. இன்டலின் ஆறாம் தலைமுறைப் பிராசஸர்கள் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்பவை; பன்னிரண்டாம் தலைமுறைப் பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்பவை. அந்த மாடலின் மதர்போர்டு எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அது மட்டுமே அதில் வேலை செய்யும்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் உள்ள வேறுபாடுதான். முன்னது 1.5 வோல்ட்டில் இயங்குவது, பின்னது 1.35 வோல்ட்டில் இயங்குவது. இரண்டின் வடிவமும் வெட்டும் ஒன்றே என்பதால், தவறான அட்டையும் ஸ்லாட்டில் சிக்கலின்றி உட்கார்ந்துவிடும். ஆனால் குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் அட்டையைப் பொருத்தினால், பெரும்பாலும் திரை இருட்டாகவே நிற்கும். டிடிஆர்3எல் அட்டையோ 1.5 வோல்ட்டிலும் இயங்கும். ஆகவே டிடிஆர்3 தலைமுறையைச் சேர்ந்த பழைய மடிக்கணினிக்கு வாங்கும்போது எல் எழுத்து உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

இனி, பழைய அட்டையின் லேபிளைப் படிப்போம். வாங்கப் போகும் அட்டையைப் பற்றி இதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை என்பது என் கருத்து. உதாரணமாக, 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்ஏ1-11 என்று ஒரு லேபிளில் இருப்பதாகக் கொள்வோம். 8ஜிபி என்பது கொள்ளளவு. 1ஆர் என்றால் ஒரே ரேங்க், அதாவது 64 பிட் அகலத்தை நிரப்பும் சிப்புகளின் தொகுதி ஒன்று. அடுத்து வரும் 8, ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம் கொண்டது என்பதைக் காட்டுகிறது. 64 பிட் அகலத்தை நிரப்ப இத்தகைய எட்டுச் சிப்புகள் வேண்டும். 1ஆர்எக்ஸ்16 என்றிருந்தால் நான்கே போதும். பிசி4 என்பது டிடிஆர்4. 2666 என்பது வேகம், அதாவது ஒரு வினாடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள். வி என்ற எழுத்து 19-19-19 என்ற தாமத அளவை, அதாவது தரவைத் தர ரேம் எடுத்துக்கொள்ளும் கடிகாரச் சுழற்சிகளைக் குறிக்கிறது. எஸ் என்பது சோடிம் வடிவம். சில லேபிள்களில் 2666-க்குப் பதிலாக 21300 என்றிருக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட்டுகள் செல்வதால், வேகத்தை எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த எண் வரும். அதே கணக்கில் 25600 என்பது 3200, பிசி3எல்-12800 என்பது 1600. சிபியு-இசட் போன்ற மென்பொருள் 2666 ரேமுக்கு 1333 என்று காட்டினால் பதற வேண்டாம். அது கடிகார வேகம், டிடிஆர் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை தரவை அனுப்புகிறது.

புதியதைப் பழையதோடு இணைக்கும்போது, தலைமுறை கட்டாயம் ஒத்திருக்க வேண்டும்; மடிக்கணினி தரும் மின்னழுத்தத்தில் இரண்டு அட்டைகளும் இயங்க வேண்டும். வேகம் வேறுபட்டால் இரண்டும் பொதுவாகக் குறைந்த வேகத்தில் இயங்கும். 3200 அட்டையை 2666 அட்டையோடு சேர்ப்பதில் கேடில்லை, ஆனால் கூடுதல் வேகமும் கிடைக்காது. கொள்ளளவு இரண்டிலும் சமமாக இருந்தால் நினைவகம் முழுவதும் இரட்டைச் சேனலில், அதாவது இரு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் முறையில் இயங்கும். 4ஜிபியும் 8ஜிபியும் சேர்ந்தால், பல மடிக்கணினிகளில் 4-க்கு 4 மட்டுமே இரட்டைச் சேனலாகவும், மிஞ்சிய 4ஜிபி ஒற்றைச் சேனலாகவும் இயங்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில், கிராஃபிக்ஸும் இதே ரேமைப் பகிர்ந்துகொள்வதால், இந்த வேறுபாடு விளையாட்டுகளில் நன்றாகவே தெரியும். நிறுவனப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை; ஆயினும் இரண்டையும் புதிதாக வாங்குவதானால் ஜோடியாக விற்கப்படுவதை வாங்குவதே நிம்மதி.

பொருத்தும் வேலை எளிது. கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உள்ளே உள்ள பேட்டரியின் இணைப்பையும் விடுவியுங்கள். நிலைமின்சாரம் நீங்க ஓர் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டு, அட்டையை ஓரங்களில் மட்டும் பிடித்து, சுமார் 30 பாகைச் சாய்வில் ஸ்லாட்டுக்குள் முழுவதுமாகச் செலுத்துங்கள். தங்க நிற முனைகள் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அது இன்னும் உள்ளே போகவில்லை. பிறகு மெல்லக் கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் பூட்டிக்கொள்ளும்.

முதல் முறை இயக்கும்போது, குறிப்பாக டிடிஆர்5-இல், புதிய நினைவகத்தைக் கணினி அளவிட்டுச் சரிசெய்ய நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் திரை இருட்டாக இருந்தால் உடனே அணைத்துவிடாதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அமைப்புத் திரை) மொத்த அளவு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெம்டெஸ்ட்86 போன்ற ரேம் சோதனை மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். பிழை ஒன்று தென்பட்டாலும் அலட்சியம் செய்யாமல், ஒவ்வோர் அட்டையையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள்; எந்த அட்டையிலும் பிழை வரவில்லை என்றால், அடுத்த ஸ்லாட்டிலும் அதே சோதனையைச் செய்து, பழுது அட்டையிலா ஸ்லாட்டிலா என்று உறுதிசெய்யுங்கள்.