‘இவள் என் அம்மா இல்லை’ என்று ஒருவர் சொன்னால்

பெற்ற தாயையே ஒருவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று புரிய, மூளை எப்படிப் பார்க்கிறது என்பதில் தொடங்க வேண்டும்; அதில் நாம் செய்யும் தவறுகள் சில உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அது கோழைகளுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. எல்லோர் கண்ணும் அப்படித்தான் வேலை செய்கிறது. வெளியே என்ன இருக்கும் என்று மூளை முதலில் கணித்துவிடுகிறது. கண் தரும் தகவலை வைத்து அதைத் திருத்திக்கொள்கிறது. ஒரு முகமூடியின் உட்புறத்தைச் சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். குழிந்த முகம் புடைத்துத் தெரியும். குழி என்று தெரிந்தபின்னும் அப்படியேதான் தெரியும், ஏனென்றால் மூளை பார்த்துப் பழகிய முகமெல்லாம் புடைத்தவை.

அதற்காகக் காண்பதெல்லாம் மாயை என்று தாவிவிட வேண்டாம். கணிப்பு பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் தடுக்கி விழாமல் படி இறங்குகிறோம்.

விஷயம் கொஞ்சம் தெரிந்தவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் கணிப்பு மிஞ்சிவிடுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நோய் உள்ளவர்கள் முகமூடியைக் குழிவாகவே பார்த்தார்கள். அங்கே கணிப்பு தளர்ந்திருந்தது. 2017-இல் வந்த ஆய்வில், ஒரு படத்தையும் ஒலியையும் சேர்த்தே காட்டிப் பழக்கியபின் படத்தை மட்டும் காட்டினார்கள். இல்லாத அந்த ஒலி, யாரும் பேசாமலே அன்றாடம் குரல்கள் கேட்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்டது. இங்கே கணிப்பு வலுத்திருந்தது.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொரு தவறு: பாதிக்கப்பட்டவரைப் பிடிவாதக்காரர் என்பது. நெருங்கியவர்களை ‘ஆள் மாறாட்டம்’ என்று நம்பும் காப்கிராஸ் நிலை 1923-இல் பிரான்ஸில் பதிவானது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் ஆராய்ந்த ஒருவர், தலையில் அடிபட்டபின் தன் பெற்றோரைப் போலிகள் என்றார். போனில் அவர்கள் குரல் கேட்டால் மட்டும் சந்தேகமே வரவில்லை. முகம் அடையாளம் தெரிகிறது, ஆனால் அதைக் கண்டதும் உள்ளே எழ வேண்டிய நெருக்கம் எழவில்லை என்பது ராமச்சந்திரனின் விளக்கம். எதிர்பார்த்தது வராதபோது மூளை அதற்கொரு காரணம் தேடுகிறது. (அந்த நெருக்கம் எழாத எல்லோரும் இப்படி நம்பிவிடுவதில்லை; அந்தக் காரணம் சரியா என்று எடைபோடும் இடத்திலும் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.)

ஆகவே ஆதார் கார்டையும் பழைய ஆல்பத்தையும் காட்டி வாதாடாதீர்கள். ‘ஆமாம், வேறு ஆள்தான்’ என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். ‘உனக்குப் பயமாக இருக்கிறதா, இரவில் சரியாகத் தூக்கம் வருகிறதா?’ என்று கேளுங்கள். அப்புறம், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416.