குட்டியின் வாயில் பொருக்கு: ஆர்ஃபா, அம்மையா?

ஆட்டுக்குட்டியின் உதட்டில் பொருக்கைக் கண்டதும் அம்மை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புண் வாயைச் சுற்றி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஆர்ஃப் எனும் தொற்று வாய்ப்புண். இரண்டுமே அம்மைக் குடும்பத்து வைரஸ்தான், ஆனால் இனம் வேறு. ஆட்டம்மைக்குப் போட்ட ஊசி ஆர்ஃபைத் தடுக்காது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆர்ஃப் மனிதருக்கும் ஒட்டும். விரலில் கீறல் இருந்தால் அங்கேயே கொப்புளம் கிளம்பும்.

புண்ணைத் தொடுமுன் காய்ச்சல் பாருங்கள். காலை வெயில் ஏறுமுன், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 102–103 டிகிரி ஃபாரன்ஹீட் வெள்ளாட்டுக்கு இயல்பு. ஆர்ஃபில் காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். 104-ஐத் தாண்டி, கண்ணும் மூக்கும் ஒழுகினால் அம்மையையோ ஆட்டுக்கொல்லி எனும் பி.பி.ஆர். நோயையோ சந்தேகிக்கலாம்.

அடுத்து, புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆர்ஃப் கடைவாயில் தொடங்கி உதடு, மூக்குத்துவாரம் எனப் பரவும். சிவந்த தடிப்பு, கொப்புளம், சீழ், பிறகு காலிஃபிளவர் போல மேடுதட்டிய தடித்த பொருக்கு. முள்செடி மேய்ந்து உதடு கிழிந்த மந்தையில் வேகமாகப் பரவும். அம்மையோ முடி குறைந்த இடங்களைத் தேடும்: வாலின் அடிப்புறம், தொடை இடுக்கு, அக்குள், மடி, காது. அங்கே விரலால் தடவினால் வட்டமான, கெட்டியான முண்டுகள் தட்டுப்படும். வாலைத் தூக்கிப் பார்க்காமல் சொல்லும் எந்த முடிவும் அரைகுறைதான்.

ஆட்டுக்கொல்லியில் புண் வாய்க்குள்ளே, ஈற்றிலும் நாக்கிலும் இருக்கும். நாற்றம், கழிச்சல், இருமல் சேரும். கோமாரியில் குளம்பிடுக்கும் புண்ணாகி ஆடு நொண்டும். சொறியில் ஆடு ஓயாமல் உரசும், முடி உதிரும்.

தாயாட்டின் காம்பையும் பாருங்கள். குட்டியிடமிருந்து அங்கே தொற்றினால் வலியில் தாய் பால் கொடுக்காது, மடிநோயும் வரும். ஆர்ஃபில் குட்டி சாவது பெரும்பாலும் வைரஸால் அல்ல. பால் குடிக்க முடியாத பட்டினியாலும் புண்ணில் சேரும் கிருமியாலும் புழுவாலும்தான். பீய்ச்சிய பாலைப் புட்டியில் புகட்டுங்கள். பெரிய ஆட்டுக்குக் கஞ்சியும் இளந்தழையும் போதும். இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவி, கிளிசரின் தடவலாம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ரத்தம் கசியும், ஆறத் தாமதமாகும். சிக்கல் இல்லாவிட்டால் 3–4 வாரத்தில் தானே உதிரும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. சீழ் பிடித்தால் மட்டும் மருத்துவர் சொல்லிப் போடுங்கள்.

உதிர்ந்த பொருக்கைப் பொறுக்கி எரியுங்கள். காய்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதம் உயிரோடு கிடக்கும். சந்தேகம் தீராவிட்டால், மருந்து தடவாத புண்ணின் பொருக்கைச் சுத்தமான மூடிக் குப்பியில் போட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் கால்நடை மருத்துவமனையில் கொடுங்கள். அம்மை என்று சந்தேகித்தால் முடிவு வரும்வரை எந்த ஆட்டையும் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.