மதுரையில் அவசரமில்லாத மதியச் சாப்பாட்டுக்கு

மீனாட்சி அம்மன் கோயில் நடையைப் பகல் 12.30க்குச் சாத்துவார்கள், மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. மதுரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த நேரத்தை வைத்துத்தான் சாப்பாட்டை முடிவு செய்ய வேண்டும். நடை சாத்தியதும் கூட்டம் அப்படியே மாசி வீதிகளுக்கும் டவுன் ஹால் ரோட்டுக்கும் வரும். ஒரு மணிக்குப் பெயர் பெற்ற மெஸ் எதற்குப் போனாலும் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார்.

இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் ஒன்றே கால் மணிக்குப் போய் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு 73 வயது. பல்செட் வைத்த பிறகு நிதானமாகத்தான் மெல்லுவார். பின்னால் ஒருவர் கைக்குழந்தையோடு நிற்பதைப் பார்த்ததும், ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அயிரை மீன் குழம்பு சாப்பிட வேண்டும் என்று ஈரோட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால் இப்போது காலையிலேயே தரிசனத்துக்குப் போய், 11.15க்கெல்லாம் வெளியே வந்துவிடுகிறோம். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. கொடுத்து வைத்ததைத் திரும்ப வாங்கவே நேரம் பிடிக்கும். போன வாசல் வழியாகவே திரும்பி வாருங்கள். செருப்பு வேறு கோபுர வாசலில் இருந்தால், உச்சி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் துடித்துப்போவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு இடம் பிடித்துவிட்டால் அவசரமே இல்லை. நுழையும்போதே ஏசி ஹால் மாடியிலா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் மாடியில்தான் இருக்கும். முட்டி வலி உள்ளவர்களை ஏசிக்காகப் படி ஏற்றாதீர்கள். கீழே கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார வைப்பதே நல்லது.

அப்புறம் அந்தத் தட்டு. கோலா உருண்டை, சுக்கா, ஈரல், நெஞ்செலும்பு, விரால் வறுவல் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக அடுக்கி மேசைக்கே கொண்டு வருவார்கள். பார்த்ததும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கை நீட்டும். விலை கேட்டுவிட்டு முதலில் இரண்டு மட்டும் எடுங்கள். கோலா உருண்டை கட்டாயம் ஒன்று. "மத்தது அப்புறம் சொல்றோம்ணே" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் கடைசிக் கிண்ணம் ஆறிப்போயிருக்கும், மெதுவாகச் சாப்பிடுகிறவர்தான் அதைச் சாப்பிட வேண்டியிருக்கும்.

சோறு முதல் தடவை கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்பும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடிச் சோறு போதும். ரசத்துக்கும் மோருக்கும் வயிற்றில் இடம் இருக்கும். அயிரை மீன் தினமும் கிடைக்காது, உட்கார்ந்ததுமே கேட்டு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு இந்தக் காரம் ஆகாது. வெறும் சோற்றில் ரசத்தின் தெளிவை ஊற்றிப் பிசைந்து, மிளகு போடாத ஆம்லெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் இருந்தால், அவரை மெஸ்ஸில் அப்பளத்தோடு உட்கார வைக்காதீர்கள். அன்றைக்கு எல்லோருமே சைவ ஹோட்டலுக்குப் போங்கள், கறியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் வந்தபோது அப்படித்தான் செய்தோம்; மூன்று தடவை வத்தக்குழம்பு கேட்டு வாங்கினார்.

ஜிகர்தண்டாவைச் சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டாம். பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்து வயிற்றை அடைத்துவிடும். அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து, நாலரை மணிவாக்கில் விளக்குத்தூண் பக்கம் போங்கள். அம்மா போன தடவை ஒரு டம்ளரை யாருக்கும் பங்கு கொடுக்காமல் முழுசாகக் குடித்தார்.