பழைய கவுணும் ஒரு சாறமும் இருந்தாப் போதும்: தாய்க்கும் பிள்ளைக்கும் கையால தைக்கிற முறை

எங்கட பக்கம் பிள்ளை பிறந்தாப் பாக்க வாற ஆக்கள் எல்லாரும் ஒரு பேபி செட் கொண்டருவினம், சோப், பவுடர், சட்டை, தொப்பி எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள அடுக்கி மேல கண்ணாடிப் பேப்பர் போட்டிருக்குமே, அதுதான். என்ர மூத்தவனுக்கு அப்பிடி ஏழு வந்தது, அரைவாசி போட முதலே அளவில்லாமப் போச்சு. ஆனா எனக்கெண்டு ஒருத்தரும் ஒரு துணி கொண்டரேல்ல. நான் போட்டிருந்தது முன்னுக்குத் திறக்காத கவுண், பிள்ளை அழ அழ கழுத்தால இழுத்து இழுத்து ரெண்டாம் கிழமையே கழுத்துத் தையல் பிரிஞ்சு போச்சு. அதால இதில முதல் தாய்க்கு, பழைய கவுணில பால் குடுக்க ரெண்டு பக்கமும் சிப் வைக்கிற முறை, பிறகுதான் பிள்ளைக்குச் சட்டையும் நப்கினும்.

மெசின் தேவையில்லை. ஊசி, நூல்கட்டை, நல்ல கத்திரிக்கோல், அளவு நாடா, குண்டூசி கொஞ்சம், கோடு போட காஞ்ச சவர்க்காரத் துண்டு. காசு குடுத்து வாங்க வேண்டியது ரெண்டு சிப் மட்டும்தான்.

முதல்ல துணி. பழசு எண்டு கவலைப்படாதேங்கோ, நூறு தரம் தோய்ச்ச கொட்டன் சாறம் மாதிரி மெதுவான துணி எந்தக் கடையிலயும் இல்லை, சுருங்கிறதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிஞ்சிருக்கும், சாயம் போறதும் போய் முடிஞ்சிருக்கும். புதுத்துணி எண்டா வெட்ட முதல் ஒருக்காத் தோய்ச்சுக் காய வையுங்கோ, இல்லாட்டி தைச்ச பிறகு சுருங்கும். பொலியெஸ்டர் வேண்டாம், எங்கட சித்திரை வெயிலுக்குள்ள அதைப் போட்டா பிள்ளைக்கு வேர்க்குரு மட்டும்தான் மிச்சம்.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கோ. அலுமாரியில பூச்சி உருண்டை, அதுதான் நப்தலின், அதோட கிடந்த சேலையை அப்பிடியே எடுத்துப் பிள்ளைக்குச் சுத்தக் கூடாது. G6PD எண்ட நொதியம் குறைவாப் பிறக்கிற பிள்ளையளுக்கு அந்த மணமே செங்குருதிக் கலங்களை உடைச்சு செங்கமாரியைக் கூட்டிப் போடும், ஆருக்கு அந்தக் குறை இருக்கெண்டு பாத்துச் சொல்லேலாது. மணம் இருந்தா அந்தத் துணியை விடுங்கோ, வேற பாருங்கோ.

தையல் ஒண்டே ஒண்டு பழகினாப் போதும், பின்தையல். ஊசியை ஒரு நெல்லு நீளம் முன்னுக்கு விட்டு எடுங்கோ, திரும்பப் பின்னுக்கு வந்து போன தையல் முடிஞ்ச இடத்தில குத்தி, அடிப்பக்கத்தால ரெண்டு நெல்லு நீளம் முன்னுக்குப் போய் வெளிய எடுங்கோ. அவ்வளவுதான். இழுத்தாப் பிரியாது. பழந்துணி ஒண்டில ஒரு சாண் தைச்சுப் பழகிப்போட்டு வாங்கோ.

இப்ப கவுண்.

கவுணைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நில்லுங்கோ. ஒவ்வொரு மார்பின்ர நடுவுக்கும் நேரா, மேலிருந்து கீழ 7 இஞ்சிக்கு சவர்க்காரத்தால கோடு போடுங்கோ, மூண்டு இஞ்சி மேல, நாலு இஞ்சி கீழ. பிள்ளை பிறக்க முதல் தைக்கிற ஆக்கள் 8 இஞ்சி வையுங்கோ, ஏனெண்டா பால் இறங்கின பிறகு எல்லாம் இடம் மாறும், நான் ஏழாம் மாசம் அளந்து வைச்ச கோடு பிறகு பாத்தா எங்கயோ தோள்மூட்டுக்குக் கிட்ட நிண்டது.

கழட்டி மேசையில விரியுங்கோ. கோட்டை விட ரெண்டு இஞ்சி நீளமா, 3 இஞ்சி அகலமா ஒரு துண்டுத் துணி எடுத்து, கவுணின்ர வெளிப்பக்கத்தில கோட்டுக்கு மேல வைச்சு, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒண்டையொண்டு பாக்கிற மாதிரி, குண்டூசி குத்துங்கோ. வெளிப்பக்கத்திலயோ எண்டு கேப்பியள், ஓம், வெளிப்பக்கத்திலதான், பிறகு உள்ளுக்குப் பிரட்டப் போறம். கோடு மறைஞ்சு போகும், அதால துண்டுக்கு மேலயும் அதே இடத்தில ஒரு கோடு போடுங்கோ. அந்தக் கோட்டைச் சுத்தி ஒரு ஒடுங்கின நீளப்பெட்டி, அரை இஞ்சி அகலம், பின்தையலால நெருக்கித் தைச்சு வாங்கோ. மூலையள்ள ரெண்டு தையல் கூடப் போடுங்கோ.

வெட்டுறது இப்பதான். தைக்க முதல் வெட்டினா கதை முடிஞ்சுது, நான் முதல் கவுணை அப்பிடித்தான் பாழாக்கினனான், அது இப்ப அடுப்படியில கைபிடி துணி. பெட்டிக்கு நடுவால ரெண்டு துணியையும் சேத்து வெட்டிக்கொண்டு போய், முடியிறதுக்கு அரை இஞ்சி இருக்கேக்க நிப்பாட்டி, அங்கயிருந்து ரெண்டு மூலைக்கும் சரிவா வெட்டுங்கோ, மீன் வால் மாதிரி வரும். நூலில கத்தி படாமல் மூலைக்கு ஒட்டின வரைக்கும் போகவேணும், பயந்து தூரத்தில விட்டா பிரட்டேக்க மூலை சுருங்கும். பிறகு அந்தத் துண்டை ஓட்டையால உள்ளுக்குத் தள்ளி இழுத்து, அயன் பண்ணி விடுங்கோ. கரண்ட் இல்லாட்டி ஈரக்கையால அழுத்தித் தடவி தலையணைக்குக் கீழ ஒரு இரவு வைச்சாலும் படியும். ஒரு வடிவான ஜன்னல் கிடைக்கும்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால சிப்பை வைச்சு, முதல் பெரிய தையலா நூலோடிப் பிடிச்சு, ஒருக்காத் திறந்து மூடிப் பாத்திட்டு, வெளிப்பக்கத்தால ஜன்னலின்ர ஓரத்தோட சுத்திப் பின்தையல் போடுங்கோ. மேலயிருந்து கீழ திறக்கிற மாதிரி வையுங்கோ. நைலோன் சிப்தான் வாங்கவேணும், இரும்புச் சிப் பிள்ளையின்ர கன்னத்தில உரஞ்சும், கொடியில காய்ஞ்சு எடுக்கேக்க சுடவும் செய்யும். மற்றப் பக்கமும் இப்பிடியே. முதல் சிப்புக்கு எனக்கு மூண்டு மத்தியானம் போச்சு, ரெண்டாவதுக்கு ஒண்டு.

கவுண் மிச்சத் துணியில பால் ஒழுகிறதுக்குப் பட்டை தைக்கலாம். பால்மா ரின் மூடியை வைச்சு வட்டம் கீறுங்கோ (ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் எண்டு மிட்வைஃப் மிஸ் சொல்லிச் சொல்லியே கலைப்பா, எங்கட வீட்டில அந்த ரின்னுக்கு இருந்த ஒரே பிரயோசனம் இந்த மூடிதான்). உடம்பில படுற பக்கம் கொட்டன், நடுவில பழைய துவாய் ரெண்டு மடிப்பு, வெளிய திரும்பக் கொட்டன், நாலு வட்டத்தையும் சேத்துச் சுத்தித் தையுங்கோ. உள்ளுக்கு பொலித்தீன் வைக்கிற ஆக்களும் இருக்கினம், வேண்டாம், ஈரம் வெளிய போகாமல் தோல் அவிஞ்சு போகும். நனைஞ்ச உடன மாத்துங்கோ, எட்டுப் பத்து இருந்தாத்தான் சமாளிக்கலாம்.

இனிப் பிள்ளைக்கு, முன்னுக்குக் கட்டுற சட்டை. பின்னுக்குக் கட்டுறதை எனக்குப் பிடிக்காது, மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு முடிச்சு முதுகில குத்தும்.

சாறத்தில 18 இஞ்சி அகலம், 22 இஞ்சி நீளத் துண்டு ஒண்டு வெட்டி, நீளத்தை ரெண்டா மடியுங்கோ, மடிப்பு மேல வரட்டும், அதுதான் தோள், அங்க தையலே இல்லை. கை ரெண்டும் மடிப்பிலயிருந்து நாலரை இஞ்சி ஆழம், பக்கத்துக்கு 4 இஞ்சி நீளம், நடுவில உடம்பு 10 இஞ்சி. கமக்கட்டில நேர் மூலையா வெட்டாமல் வளைச்சு வெட்டுங்கோ. கழுத்து 4 இஞ்சி அகலம், பின்னுக்கு அரை இஞ்சி, முன்னுக்கு ஒண்டரை இஞ்சி இறக்கம். பிறகு முன்பக்கத் துணியை மட்டும் நடுவால கீழ வரைக்கும் வெட்டி விடுங்கோ, ரெண்டையும் சேத்து வெட்டிப் போடாதேங்கோ. பக்கத்தையும் கைக்குக் கீழயும் தைக்கேக்க தையல் விளிம்பு வெளிப்பக்கம் நிக்கிற மாதிரித் தையுங்கோ. பாக்க வடிவில்லை எண்டு சொல்லுவினம், அம்மம்மா எனக்குச் சொல்லித்தந்தது இதுதான், பிள்ளையின்ர தோலில ஒரு மடிப்பும் உரசாது. ஓரமெல்லாம் மடிச்சுத் தைச்சு, முன்னுக்கு ரெண்டு சோடி நாடா, 5 இஞ்சிக்கு மேல வேண்டாம், கழுத்துக்குக் கிட்டயும் வைக்காதேங்கோ, நீள நாடா கழுத்தில சுத்தினாப் பெரிய பிழை. பட்டன், மணி, முத்து ஒண்டும் வேண்டாம், வாய்க்குள்ள போகும். கைக்கு உறையும் நான் தைக்கிறேல்ல, உள்ளுக்குத் தும்பு நூல் ஒண்டு விரலில இறுக்கினா அழுற பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, நகத்தை வெட்டி விடுறது லேசு.

நப்கினுக்கு விளக்கமே தேவையில்லை. அஞ்சரை மீற்றர் கொட்டன் சேலையில 22 இஞ்சிச் சதுரம் 18 வரும், மெல்லிசெண்டா ரெண்டு ரெண்டாச் சேத்து 9. நடு இத்துப் போயிருந்தா அதை விட்டிட்டு ஓரத்தில வெட்டுங்கோ. 2009 இல சண்டையால இடம்பெயர்ந்து வவுனியா செட்டிகுளம் முகாமில இருக்கேக்க என்ர சித்தி ஒரே சேலையில பாதியை ஏணை கட்டி, பாதியை நப்கினா வெட்டினவ, ஊசி இல்லாமல் ஓரத்து நூலை முடிஞ்சு முடிஞ்சு விட்டவவாம், அதுவும் தாங்கினது.

தோய்க்கிறதில ஒரு விசயம். எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி, சவர்க்காரம் நுரைக்காது, அலசினது காணாட்டி நப்கின் காய்ஞ்சு அப்பளம் மாதிரி நிக்கும். சவர்க்காரத்தைக் குறைச்சு, மூண்டு தரம் அலசி, உதறிக் காயப்போட்டு, எடுக்கேக்க கைக்குள்ள கசக்கி விடுங்கோ. மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா கடைசி அலசல் அதில. கிறவல் ரோட்டுக் கரையில வீடு எண்டா கொடியைப் பின்வளவில கட்டுங்கோ, கவுணைத் தோய்க்க முதல் சிப்பை மூடிப்போட்டுப் போடுங்கோ, திறந்தபடி கிடந்தா பல்லு நெளிஞ்சு போகும்.