எல்லையைப் பிடித்தால் வகைக்கெழு வசப்படும்: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு

பிளஸ் ஒன் வகுப்பில் வகை நுண்கணிதம் தொடங்கியதும், சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று மாணவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சூத்திரங்கள் எல்லாம் எல்லை (எக்ஸ் ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பின் மதிப்பு நெருங்கும் எண்) என்னும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை என்பதால், அதைக் கைவசப்படுத்தாமல் வகைக்கெழுவுக்கு, அதாவது ஒரு சார்பு மாறும் வீதத்துக்கு, தாவுவது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

முதலில், எக்ஸின் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து, அதை 'எக்ஸ் கழித்தல் 3' என்பதால் வகுக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸுக்கு 3 என்று பிரதியிட்டால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும், விடை சொல்ல முடியாத 'தேறப்பெறாத வடிவம்' வரும். ஆகவே 2.9, 2.99 என்று இடப்பக்கமிருந்தும், 3.1, 3.01 என்று வலப்பக்கமிருந்தும் நெருங்குங்கள், விடைகள் 5.9, 5.99 என்றும் 6.1, 6.01 என்றும் வந்து, இரு பக்கமும் 6-ஐ நெருங்கும். அந்தப் புள்ளியில் சார்புக்கு மதிப்பே இல்லை. ஆயினும் எல்லை உண்டு. இதைக் கையால் எழுதிப் பார்த்தவருக்கு மறக்காது.

அடுத்து, வகைக்கெழுவைக் கண்ணால் காண, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் உள்ளதுபோல ஆத்தங்குடிக் கல் பதித்த சதுரத் தளம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். பக்கம் 10 அடி என்றால் பரப்பு 100 சதுர அடி. அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஹெச் அடி அகலத்துக்குத் தளத்தை நீட்டினால், 10 அடி நீளமுள்ள இரண்டு பட்டைகளும் மூலையில் ஒரு சிறு சதுரமும் புதிதாகச் சேரும். பட்டைகளின் பரப்பு 20 ஹெச். மூலைச் சதுரத்தின் பரப்பு ஹெச்சின் வர்க்கம். கூடிய பரப்பை ஹெச்சால் வகுத்தால் கிடைப்பது '20 கூட்டல் ஹெச்'. ஹெச் 1 அடியானால் 21, 0.1 அடியானால் 20.1, 0.01 அடியானால் 20.01. ஹெச் பூச்சியத்தை நெருங்க, இந்த விகிதம் 20-ஐ நெருங்குகிறது. பக்கம் 10-க்குப் பதிலாக எக்ஸ் என்றால் விடை 2 எக்ஸ்; எக்ஸின் வர்க்கத்தின் வகைக்கெழு அதுவே.

ஹெச்சால் வகுத்து முடித்த பிறகே எல்லை காண வேண்டும். அதற்கு முன் ஹெச்சைப் பூச்சியமாக்கினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். பூச்சியமல்ல என்று வகுத்துவிட்டுப் பிறகு பூச்சியம் என்பது எப்படிச் சரியாகும் என்று உங்களுக்குத் தோன்றினால், அது அறிவார்ந்த ஐயமே. இதே கேள்வியை 1734-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்து மெய்யியலாளர் பெர்க்லி எழுப்பினார். எல்லையை அடிப்படையாக வைத்து நுண்கணிதத்தைச் சீராகக் கட்டும் பணியை 1821-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி முன்னெடுத்தார். ஹெச் ஒருபோதும் பூச்சியமாவதில்லை, நெருங்க மட்டுமே செய்கிறது என்பதே விடை.

இதன்பின் எக்ஸின் கனம், '1 வகுத்தல் எக்ஸ்', எக்ஸின் வர்க்கமூலம் ஆகியவற்றை முதல் கொள்கையின்படி, அதாவது மேலே செய்ததுபோல ஹெச்சால் வகுத்து எல்லை கண்டு, வகையிட்டுப் பாருங்கள். சைன் சார்புக்கு வரும்போது, 'சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ்' என்பதன் எல்லை 1 ஆவது ரேடியன் அளவில்தான் என்பதைக் கவனியுங்கள். கைப்பேசிக் கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால், எக்ஸ் 0.1-க்கு 0.9983 வருவதற்குப் பதில் 0.01745 வரும்.

பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி ஆகியவற்றை இதற்குப் பிறகு படித்தால் போதும். எக்ஸின் மட்டு மதிப்பை (குறியை நீக்கிய அளவை) பூச்சியத்தில் வகையிட முயன்று, விகிதத்தின் எல்லை இடப்பக்கம் -1, வலப்பக்கம் 1 என்று வருவதால் அங்கே வகைக்கெழு இல்லை என்று நீங்களாகவே சொல்ல முடிந்தால், அந்த விதிகளுக்குத் தயாராகிவிட்டீர்கள்.