பில் ஊர்ந்த காலையும் ஏழு அடுக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். போன மாதம் காலையிலேயே கணக்கு எழுதுபவர் அழைத்தார். "ஏனுங்க, பில் போட்டா சுத்திக்கிட்டே நிக்குதுங்க."

போய்ப் பார்த்தால் கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம், கேபிள் இருப்பது அடி அடுக்கில். சரி, அது நன்றாக இருக்கிறது என்று மேலே தாவிவிட்டேன். தப்பு அங்கேதான். நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் ஐபி முகவரியில் குறையில்லை. ஆனால் சர்வருக்கு 100 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் 18 திரும்பவில்லை. தகவல் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகப் போகும். தொலைந்த பாக்கெட்டை டிசிபி என்னும் விதிமுறை மறுபடி அனுப்பிவிடும். அதனால்தான் பில் அடியோடு நிற்காமல் ஊர்ந்தது, பழி சாப்ட்வேர் மேல் விழுந்தது.

இணையம் ஓடுவது டிசிபி/ஐபி என்னும் விதிமுறைத் தொகுப்பில்தான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983-லேயே அதற்கு மாறிவிட்டது. அந்த டிசிபி/ஐபி மாதிரியில் (மாடலில்) நான்கே அடுக்கு. கேபிள், அதில் தகவலைச் சுமந்து போகும் பொட்டலமான ஈதர்நெட் ஃபிரேம் எல்லாம் அடியில் ஒரே அடுக்காகிவிடும். 1984-ல் வெளியான ஓஎஸ்ஐ என்னும் ஏழு அடுக்கு மாதிரி இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது: கேபிள் முதல் அடுக்கு, ஃபிரேம் இரண்டாம் அடுக்கு. கல்லூரியில் அந்த ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்து வெறுத்தவன் நான்!

கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் பார்த்தேன். சிஆர்சி பிழை, அதாவது வந்த ஃபிரேம் சரிபார்ப்பில் தவறும் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனது. ஃபிரேம் சிதைந்து வருகிறது என்றால் இரண்டாம் அடுக்கில் தெரிவது அடையாளம்தான், நோய் முதல் அடுக்கில்.

கேபிளைத் தொட்டுக்கொண்டே போனேன். கட்டிங் மேசைக்குப் பின்னால் அதன் மேலேயே துணி ரோல் அடுக்கியிருந்தார்கள். புதுக் கேபிளைப் பைப்புக்குள் விட்டேன். அப்புறம் 100-க்கு 100 வந்தது.